பின்னிருக்கைக்கு ஒரு வண்டி

மதரஸாவில் கிதாபு ஓதிக்கொடுக்கும் ஒருவன் மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று நீங்கள் எண்ணக்கூடும். எண்ணுங்கள், தவறில்லை. ஆனால் உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு வண்டி நின்றுகொண்டிருக்கும். அதன் பின்னிருக்கையில் உங்கள் தாயாரோ, துணைவியாரோ, மகளோ அமர்ந்து வருவார்கள். அந்தப் பின்னிருக்கையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். முன்னிருக்கையைப் பற்றிப் பேச ஊரெங்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள்.

நான் வசிப்பது கெலமங்கலத்தில். ஓதிக்கொடுப்பது தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவு. ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் புறப்பட்டுப் போய்க் காலைப் பாடம் நடத்திவிட்டுத் திரும்புவேன். அஸருக்குப் பின் மீண்டும் போய் இஷாவுக்குப் பின் திரும்புவேன். பேருந்து உண்டு, ஆனால் அது தொழிற்சாலைகளின் ஷிப்டுக்குப் பொருந்துகிறதே தவிர, தொழுகை நேரத்துக்குப் பொருந்துவதில்லை.

எங்கள் வட்டாரத்தை அறியாத நேயர்களுக்கு ஒரு வார்த்தை. 2004-ஆம் ஆண்டு தர்மபுரியிலிருந்து பிரிந்து உருவான கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிய பகுதி இது. ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒலிக்கும். ஒரு பக்கம் கேழ்வரகுக் கொல்லை. மறுபக்கம் ரோஜா வளர்க்கும் பசுமைக் குடில்கள். இடையில் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகள். கேழ்வரகு முற்றும் பனிக்காலத்தில், பன்னர்கட்டா காட்டிலிருந்து இறங்கும் யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் நடமாடும். விடியற்காலையில் வண்டியில் போகிறவனுக்கு முகப்பு விளக்கு எவ்வளவு முக்கியம் என்பதை இதிலிருந்தே நீங்கள் அறிந்துகொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வண்டியில் இருவர் போவது என்பதற்கும் எங்கள் ஓசூருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1980-ஆம் ஆண்டு ஓசூரில் உருவாகி வெளிவந்த டி.வி.எஸ். 50 தான் இந்தியாவில் இருவர் அமர்ந்து செல்லத்தக்கதாகச் செய்யப்பட்ட முதல் மொபெட். அதற்கு முன் மொபெட் என்றால் ஒருவருக்கு மட்டுமே. என் தந்தையார் (அல்லாஹ் அவர்களுக்கு ரஹ்மத் செய்வானாக) ஒரு டி.வி.எஸ். 50 வைத்திருந்தார். அதில் ஜவுளி மூட்டையைக் கட்டிக்கொண்டு இராயக்கோட்டை, அஞ்செட்டி என்று சந்தை சந்தையாகச் சென்று வருவார். மூட்டை இல்லாத நாளில் மூட்டையின் இடத்தில் என் தாயார் அமர்வார். இருவருக்கும் நடுவே நான். இருவருக்கென்று செய்த வண்டியில் மூவர் சென்றோம் என்பதைப் பெருமையாகச் சொல்லவில்லை, அக்காலம் அப்படி. ஓட்டுபவருக்குப் பின்னால் ஒருவருக்கு மேல் அமரக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு சொல்வதை நான் அறிந்ததே, பின்னால் வரப்போகும் சம்பவத்துக்குப் பிறகுதான்.

அந்தச் சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2016-ஆம் ஆண்டு ஒரு பழைய வண்டி வாங்கினேன். நூறு சி.சி. வண்டி. விற்றவர் ஓர் இளைஞர். வண்டி பார்க்க வெகு அழகாக இருந்தது. பின்சக்கரத்தின் இடப்புறம் பளிச்சென்று வெறுமையாக, சைக்கிள் சக்கரம் போல் தெரிந்தது. அந்த வெறுமை ஏன் என்று அன்று நான் கேட்கவில்லை. என்ஜின் ஓசையைக் கேட்டேன், விலையைக் குறைத்தேன், வாங்கி வந்துவிட்டேன். ஆறாண்டுகள் அது எனக்கு உழைத்தது.

2022-ஆம் ஆண்டு ஷஃபான் மாதம். இராயக்கோட்டையில் உறவினர் வீட்டு நிக்காஹ் முடிந்து நானும் என் மனைவியும் திரும்பிக்கொண்டிருந்தோம். அவள் ஒருபக்கமாக அமர்ந்திருந்தாள். கெலமங்கலம் நெருங்குகையில் வேகத்தடை ஒன்றில் வண்டி குலுங்கியது. பர்தாவின் கீழ்நுனி காலிலிருந்து நழுவிப் பின்சக்கரக் கம்பிகளுக்குள் போய்விட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம், வண்டி திடீரென்று பின்னால் இழுக்கப்பட்டது போல் ஓர் உணர்வு, பிறகு அவளுடைய "யா அல்லாஹ்!" என்ற குரல். நான் மெதுவாகவே சென்றுகொண்டிருந்தேன். அதனால்தான் இன்று இதை எழுத முடிகிறது. இடது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

நேயர்களே, என் மனைவி வீட்டில் தையல் தொழில் செய்பவள். ரமளானுக்கு முந்தைய நாட்களில்தான் பெருநாள் துணிகள் வந்து குவியும். ஆண்டு முழுதும் கிடைப்பதில் பாதி அந்த ஒன்றரை மாதத்தில் கிடைக்கும். அவ்வாண்டு வந்த துணிகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தாள். அளவெடுத்து எழுதி வைத்திருந்த சீட்டுகளையும் துணியோடு சேர்த்தே கொடுத்தனுப்பினாள், அடுத்தவரிடம் தைக்கக் கொடுப்பவர்களுக்கு உதவுமே என்று. என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

மறுநாள் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் சக்கரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஹஜ்ரத், சாரி கார்டு எங்கே?" என்றார். நான் விழித்தேன். எல்லா வண்டிகளிலும் பின்சக்கரத்தின் பக்கவாட்டில் கம்பிவலை போன்றோ தகடு போன்றோ ஒன்று இருக்குமே, அதுதான் சாரி கார்டு. அழகு கெடுகிறதென்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி இதைப் பற்றியதே. பின்னால் ஆள் அமரும் வசதியுள்ள எந்த மோட்டார் சைக்கிளும் மூன்று பொருள்கள் இல்லாமல் செய்யப்படக் கூடாது: அமர்பவர் பிடித்துக்கொள்ள நிலையான ஒரு கைப்பிடி, கால் வைக்க ஒரு மிதி, ஆடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் ஒரு காப்பு. சேலைக்காக எழுதிய விதி போல் தோன்றினாலும், நம் வீட்டுப் பர்தாவுக்கும் துப்பட்டாவுக்கும் அது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அன்றே சில நூறு ரூபாய்க்கு ஒரு காப்பு வாங்கி மாட்டினேன். ஆறாண்டுக்கு முன் செலவழித்திருக்க வேண்டிய பணம்.

அதன் பிறகு அந்த வண்டியில் அவள் ஏறவில்லை. அஞ்சினாள் என்று சொல்லமாட்டேன். "வேறு வண்டி பார்த்துக்கொள்ளலாம்ங்க" என்று மட்டும் சொன்னாள். இரண்டரை ஆண்டுகள் ஓசூர் மருத்துவமனைக்கும், தாய்வீட்டுக்கும், துணி எடுக்கவும் பேருந்திலேயே போய்வந்தாள்.

புது வண்டி வாங்கலாமே என்பீர்கள். பதிவுக் கட்டணம், வரி, காப்பீடு என எல்லாம் சேர்த்து நூறு சி.சி. புது வண்டியே அப்போது ஏறத்தாழ ஒரு லட்சத்தைத் தொட்டு நின்றது. கடைக்காரர்கள் தவணைக்குத் தரத் தயார். ஆனால் அத்தவணையில் வட்டி இருக்கிறது. வகுப்பில் வட்டியைப் பற்றி ஓதிக்கொடுத்துவிட்டு மாதாமாதம் வட்டி கட்டும் துணிவு எனக்கில்லை. நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, ஏலமும் தள்ளுபடியும் இல்லாத குலுக்கல் சீட்டு ஒன்று போட்டோம். அதில் வந்த பணத்துடன் மனைவியின் தையல் சேமிப்பும் சேர்ந்து 2024-ஆம் ஆண்டின் இறுதியில் ஐம்பதாயிரம் ரூபாய் கையில் இருந்தது.

இம்முறை நான் ஒரு முடிவு செய்திருந்தேன். வண்டியைப் பார்க்க நான் தனியாகப் போவதில்லை. பர்தா அணிந்தபடியே அவளும் வருவாள். ஒவ்வொரு வண்டியிலும் ஏறி அமர்ந்து பார்ப்பாள். அவள் சரி என்றால்தான் விலை பேச்சு.

முதலில் போனது ஓசூரில் பழைய வண்டிகள் விற்கும் ஒரு கடைக்கு. நூற்றைம்பது சி.சி. வண்டி ஒன்றைக் காட்டினார்கள். கே.ஏ. 51 என்று தொடங்கும் எண். பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டிப் பதிவு. எல்லைக்கு இப்பாலுள்ள வண்டியைவிட ஏழெட்டாயிரம் குறைவு. பின்னிருக்கை மலைமுகடு போல் மேலெழுந்து, ஒரு கையகலமே இருந்தது. என் மனைவி அதைப் பார்த்தாள்; என்னைப் பார்த்தாள். ஏற முயலவேயில்லை. கடைக்காரர், "அண்ணி ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காந்தா சரியா இருக்கும்" என்றார். இருபக்கமும் கால் போட்டு அமர்வதே பாதுகாப்பானது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்த இருக்கையில் எப்படி அமர்ந்தாலும் முன்னாலிருப்பவன் முதுகின் மேல் சரியத்தான் வேண்டும்.

அந்த விலைக் குறைவைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லையோரத்தில் வாழும் நமக்கு இந்த ஆசை அடிக்கடி வரும். வேறு மாநிலப் பதிவுள்ள வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புதிய பதிவெண் வாங்கவேண்டும் என்பது சட்டம். அதற்கு முதலில் அங்குள்ள அலுவலகத்திலிருந்து தடையில்லாச் சான்று, அதாவது என்.ஓ.சி., பெறவேண்டும். பிறகு வண்டியின் வயதுக்கேற்பத் தமிழ்நாட்டு வரியை மீண்டும் கட்டவேண்டும். அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம். கேட்டுப் பெறுவதற்கு நடக்கும் நடையைக் கணக்கிட்டால் ஏழெட்டாயிரம் எங்கே போயிற்று என்று தெரியாது. "யாரும் கேக்க மாட்டாங்க பாய்" என்று கடைக்காரர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். யாரும் கேட்காததால் ஒன்று சரியாகிவிடுமா என்பது வேறு விஷயம்.

அங்கேயே வேறொரு வண்டி. மீட்டர் பதினெட்டாயிரம் கிலோமீட்டர் காட்டியது. என் மைத்துனர் மகன் ஓசூர் சிப்காட்டில் வேலை பார்ப்பவன், உடன் வந்திருந்தான். அவன் மீட்டரைப் பார்க்காமல் குனிந்து காலடி ரப்பரையும் பிரேக் மிதியையும் பார்த்தான். ரப்பரின் வரிகள் முற்றிலும் தேய்ந்து வழவழவென்று இருந்தன. "மாமா, பதினெட்டாயிரத்தில் இது இப்படித் தேயாது" என்று என் காதருகே சொன்னான். மீட்டரைத் திருப்பி வைக்கலாம். தேய்ந்த ரப்பரை நினைவாக மாற்றுபவர் சிலரே. இன்னொரு நுணுக்கமும் அவனிடம் கற்றேன். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். 3219 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். வரிகள் ஆழமாக இருந்தாலும், வயதான டயரின் ரப்பர் இறுகி வெடித்திருக்கும். மழைச் சாலையில் அது பிடிக்காது.

மொபெட் வாங்கலாமா என்றும் யோசித்தோம். தந்தையாரின் நினைவால் எனக்கு அதன்மேல் பற்று அதிகம். இன்றுள்ள எக்ஸ்.எல். 100 மூட்டைக்கும் கொல்லைக்கும் இணையற்றது. ஆனால் நாள்தோறும் ஐம்பது கிலோமீட்டர் அளவில், பாதி இருட்டில், ஏற்ற இறக்கச் சாலையில் ஓட்டுவதற்கு அது போதாதென்று விட்டுவிட்டேன். மின்சார ஸ்கூட்டரையும் எண்ணிப் பார்த்தோம். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் அவற்றுக்குத் தொழிற்சாலைகளே வந்துவிட்டன. ஆனால் பழையதாக வாங்கும்போது பேட்டரியில் எவ்வளவு உயிர் மிச்சம் என்பதைக் காலடி ரப்பரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நான்காவதாகப் பார்த்த வண்டியே எங்களுக்கு அமைந்தது. டி.வி.எஸ். ரேடியான், 110 சி.சி., 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பதிவானது, டி.என். 70, ஓசூர் எண். உரிமையாளர் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்தவர். வேலையை விட்டுத் தென்மாவட்டத்திலுள்ள சொந்த ஊருக்குக் குடும்பத்தோடு திரும்பவிருந்தார். மத்திகிரியில் அவர் வீட்டுக்குக் காலை ஏழு மணிக்குப் போனோம். முதல்நாளே தொலைபேசியில், "நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். சூடான என்ஜின் எந்தக் கிழவண்டியிலும் ஓர் உதையில் எழும். குளிர்ந்து கிடக்கும் என்ஜின்தான் உண்மையைப் பேசும். போனதும் என்ஜினைத் தொட்டுப் பார்த்தேன். ஓசூர்ப் பனியில் சில்லென்றிருந்தது. சோக் இழுத்து, இரண்டாவது முயற்சியில் எழுந்தது. சைலன்சரில் முதலில் மெல்லிய வெண்புகை வந்து மறைந்தது. அது பனியின் ஈரம், அஞ்சத் தேவையில்லை. நீலம் பாய்ந்த புகை தொடர்ந்து வந்தால்தான் ஆயில் எரிகிறது என்று பொருள். என் பழைய வண்டி அப்படித்தான் புகைந்துகொண்டிருந்தது.

அடுத்து என் மனைவி ஏறி அமர்ந்தாள். இருக்கை நீண்டு, தட்டையாக இருந்தது. பின்னால் உறுதியான கைப்பிடி; இடப்புறம் இரு கால்களையும் வைக்க அகன்ற மிதி; சாரி கார்டு அதன் இடத்தில். அவள் குனிந்து காப்பைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அந்த மனிதர் வியப்போடு நோக்கினார். அவருடைய துணைவியார் மட்டும் உள்ளிருந்து வந்து, "நானும் அதிலதான்மா உக்காந்து போனேன், அஞ்சு வருஷமா" என்றார். எனக்கு அதுவே பெரிய சான்றிதழாகப் பட்டது.

இனி எல்லாருக்கும் சொல்லத் தக்க ஒன்று. பழைய வண்டியை வெள்ளோட்டம் பார்ப்பவர்கள் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அதனால் பாதிதான் தெரியும். இத்தகைய வண்டியின் எடை ஏறத்தாழ நூற்றுப் பத்துக் கிலோ. நானும் என் மனைவியும் சேர்ந்தால் நூற்று முப்பதைத் தாண்டுவோம். சுமப்பதைவிடச் சுமக்கப்படுவது அதிகம். பின்னால் ஒருவர் ஏறியதும் எடை பின்சக்கரத்தின் மேல் சாய்கிறது, முன்சக்கரம் இலேசாகிறது. தேய்ந்த புஷ், தளர்ந்த ஷாக் அப்சார்பர், வழுக்கும் கிளட்ச், ஆழம்போன பிரேக் எல்லாம் அப்போதுதான் வாய்திறக்கும். முதலில் காப்பீட்டுச் சான்றைக் கேட்டேன். 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் விற்ற புது வண்டிகளுக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்தாண்டுக்குச் சேர்த்தே எடுக்கப்படுகிறது. ஆகவே அவருடையது 2024 பிப்ரவரியில் முடிந்திருந்தது. அவர் கூச்சத்தோடு, புதுப்பிக்க மறந்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். காப்பீடு இல்லாமல் இருவருமாகச் சாலையில் இறங்க என் மனம் ஒப்பவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் புதுப்பித்து வைத்திருக்க, மீண்டும் சென்றோம்.

ஏற்றமான ஒரு சாலையில் இருவருமாக ஏறினோம். என்ஜின் உறுமாமல் இழுத்தது. இறக்கத்தில் பிரேக் பிடித்தபோது வண்டி நேராக நின்றது. திரும்புகையில் மட்டும் கைப்பிடியில் ஏதோ ஒரு தட்டுதல். கேட்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்: "கோன் செட் மாத்தணும் சார். செயின் ஸ்ப்ராக்கெட்டும் இன்னும் ரெண்டு மூணு மாசம்தான் தாங்கும். அதுக்கு விலையில கழிச்சுக்கோங்க." நான் குறையைத் தேட வந்தவன், அவர் குறையை எடுத்து நீட்டியபோது என் வாயில் பேரம் எழவில்லை. ரூ. 47,000-க்கு முடிந்தது.

விளக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். என் பழைய வண்டியின் முகப்பு விளக்கு என்ஜினின் சுழற்சியிலிருந்து நேராக மின்சாரம் பெறுவது. வேகமாகப் போகையில் வெளிச்சமாக எரியும். குழியோ யானைச் சாணமோ கண்டு மெதுவாக்கினால், எப்போது வெளிச்சம் வேண்டுமோ அப்போது மங்கிவிடும். இப்படியோர் அமைப்பில் எட்டாண்டுகள் ஃபஜ்ருக்குப் பின் காட்டோரம் போய்வந்திருக்கிறேன், காத்தவன் அல்லாஹ். புதிய வண்டியையும் மாலை மங்கிய பின் மெதுவாக ஓட்டி விளக்கைச் சோதித்த பிறகே முன்பணம் கொடுத்தேன்.

காகித வேலைகளை நான் வளர்க்கப் போவதில்லை. ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்ததோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். நிதிக் கடன் பதிவாகியிருந்தால், அது தீர்ந்ததற்கான 35-ஆம் படிவம் வேண்டும். பரிவாகன் தளத்தில் அபராத நிலுவை உண்டா என்று பார்த்துவிடுங்கள். பெயர் மாற்றத்துக்கு 29, 30-ஆம் படிவங்கள். முப்பது நாட்களுக்குள் வாங்கியவர் விண்ணப்பிக்கவேண்டும். காப்பீட்டையும் பதினான்கு நாட்களுக்குள் மாற்றச் சொல்லவேண்டும். "கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள்" என்பது ஊர் வழக்கம். விற்றவருக்கும் இதில் ஆபத்துண்டு. பெயர் மாறாதவரையில் விபத்துக்குப் பொறுப்பு பதிவேட்டில் உள்ள உரிமையாளருக்கே என்று 2018-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

வண்டியை என் மனைவியின் பெயரில் பதிவு செய்தோம். பணத்தில் பாதிக்கு மேல் அவளுடையது, வேறென்ன நியாயம்? ஆர்.சி. அட்டை அஞ்சலில் வந்தது. கொண்டுவந்த தபால்காரர் பெயரைப் படித்துவிட்டு, "அக்கா வண்டி ஓட்டுவாங்களா?" என்று கேட்டார். "இல்லைங்க, டிரைவர் வச்சிருக்கேன்" என்று உள்ளிருந்து பதில் வந்தது. அந்த மணிக்கட்டு முறிந்ததற்குப் பிறகு வண்டியைப் பற்றிய பேச்சில் அவள் சிரித்தது அன்றுதான்.

தன் பங்குக்கு அவளும் சில மாற்றங்கள் செய்துகொண்டாள். பயணத்துக்கென்றே ஒரு பர்தாவைக் கணுக்காலுக்கு நான்கு விரல் உயரே நிறுத்தி, கீழ்விளிம்பின் உட்புறம் இரண்டு பட்டன் தைத்தாள். அமர்ந்ததும் மாட்டிக்கொண்டால் துணி பறக்காது. உள்ளே முழுக்கால் சட்டை இருப்பதால் இருபக்கமும் கால் போட்டு அமரவும் முடிகிறது. அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்டு இதுவரை பதினொன்று தைத்துக் கொடுத்திருக்கிறாள். தலைக்கவசம் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம் என்பதை நீங்கள் அறிவீர்கள். கனத்த முக்காட்டின் மேல் அது சரியாக உட்காராமல் ஆடும். மெல்லிய பருத்தித் தொப்பி ஒன்றை உள்ளே அணிந்து, அதன்மேல் கவசம், இறங்கியதும் முக்காடு என்று வழக்கப்படுத்திக்கொண்டாள். நான் செய்ததெல்லாம், பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை இரண்டு படி இறுக்கியதும், இருவர் செல்லும் நாளில் பின்சக்கரத்துக்குக் கையேட்டில் சொன்ன கூடுதல் காற்று பிடிப்பதும்தான்.

இதோடு கட்டுரை முடிந்திருக்கும். ஆனால் என் பழைய வண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தது.

அந்த வாரம் வகுப்பில் வியாபாரப் பாடம். பொருளின் ஐபை, அதாவது குறையை, மறைத்து விற்பதைப் பற்றி ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஈரமான தானியத்தை அடியில் வைத்து உலர்ந்ததை மேலே குவித்திருந்த வணிகரின் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்த வரலாற்றை நீங்களும் கேட்டிருப்பீர்கள். முன்பே இருந்த குறை பின்னர் தெரியவந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஆனால், "எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல" என்று நிபந்தனையிட்டு விற்பதை ஹனஃபி சட்டம் ஏற்கிறது. பழைய வண்டிக்காரர்கள் "உள்ளது உள்ளபடி" என்கிறார்களே, அது போன்றதுதான். இதை விளக்கி முடித்ததும் பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஹஜ்ரத், உங்க பழைய வண்டியை நீங்க எப்படி விற்பீங்க?" என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் கிதாபை மூடிவிட்டேன். உண்மையில் "உள்ளது உள்ளபடி" என்று சொல்லி விற்றுவிடலாம் என்றே எண்ணியிருந்தேன்.

வாங்க வந்தவர் ரோஜாப் பசுமைக்குடிலில் வேலை செய்யும் தெலுங்கு இளைஞர். பதினைந்தாயிரம் சொல்லியிருந்தேன். ஆயில் எரிகிறது, முன் போர்க்கில் கசிவு இருக்கிறது, விளக்கு மெதுவேகத்தில் மங்கும், ஒருமுறை விழுந்த வண்டி. இவ்வளவையும் வரிசையாகச் சொன்னேன். அவர் என்னையே உற்றுப் பார்த்தார். இத்தனை சொல்கிறவர் இதைவிடப் பெரிதாக எதையோ மறைக்கிறார் என்று நினைத்துவிட்டார் போலும், போய்விட்டார். ஒரு வாரம் கழித்து மெக்கானிக் ஒருவரோடு திரும்பி வந்தார். மெக்கானிக் அரைமணி நேரம் பார்த்துவிட்டு, "ஹஜ்ரத் சொன்னதுக்கு மேல ஒண்ணும் இல்ல" என்றார். பதினோராயிரத்துக்கு விலை முடிந்தது.

புறப்படும்போது இளைஞர் சாரி கார்டைக் காட்டி, "இதைக் கழற்றிட்டா வண்டி நல்லாயிருக்கும்" என்றார். அடுத்த மாதம் அவருக்குத் திருமணம் என்று முன்பே சொல்லியிருந்தார். "கழற்றுவதில்லை என்றால்தான் தருவேன்" என்று சொல்ல நா எழுந்தது. ஆனால் விற்பனையோடு அப்படியொரு நிபந்தனையைச் சேர்த்தால் விற்பனை செல்லும், நிபந்தனைதான் செல்லாது என்பதையும் நானே தான் ஓதிக்கொடுக்கிறேன்! வழிதெரியாமல் நின்றேன். என் மனைவி கதவோரத்திலிருந்து, "தம்பி, அது இல்லாததால்தான் இந்தக் கை முறிந்தது" என்றாள். இளைஞர் ஒன்றும் சொல்லவில்லை. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

சென்ற மாதம் கெலமங்கலம் வாரச் சந்தையில் அந்த வண்டி நிற்கக் கண்டேன். அருகே கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த புதுப்பெண் அவருடைய மனைவியாகத்தான் இருக்கவேண்டும். காப்பு கழற்றப்படவில்லை. ஆனால் அதன் மேல்முனைப் போல்ட் தளர்ந்து, தொட்டால் கடகடவென்று ஆடியது. பக்கத்து சைக்கிள் கடையில் பத்தாம் எண் ஸ்பேனர் ஒன்று கேட்டு வாங்கி இறுக்கிக்கொண்டிருந்தபோது அவர் வந்துவிட்டார். வண்டியை எவனோ கழற்றுகிறான் என்று எண்ணி ஓடி வந்தவர், என்னைக் கண்டதும் நின்று, பையைக் கீழே வைத்துவிட்டு, காப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.